மூன்று பத்திகளும் ஒரு நீண்ட சொல்லும்

பத்திரிகைப் பக்கத்தைப் பத்தி பிரிப்பது எனக்குப் பழகிய வேலை. சொல் நீண்டால் அச்சுக்கோப்பவர் எந்த எழுத்திலும் முறித்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவார். தமிழில் இடைக்கோடுகூடத் தேவையில்லை. அந்தத் துணிவில்தான் 2005இல் ஊர்ச் செய்திகளுக்கென மூன்று பத்தி இணையப் பக்கமொன்றை நானே வடிவமைத்தேன். பத்திகளை 'ஃபுளோட்' முறையில் அருகருகே மிதக்கவிட்டிருந்தேன்.

வீட்டில், பயர்பொக்ஸில், பக்கம் நேராக நின்றது. அக்கரைப்பற்று நெட் கபேயில் எக்ஸ்புளோரர் 6 கொண்டு திறந்தால் வலப்பத்தி முழுவதும் அடியில் கிடந்தது! ஓரவெளி எண்களை மணிக்கணக்கில் கூட்டிக் கழித்தேன். குற்றவாளி, ஒடுங்கிய இடப்பத்தியில் நான் எழுதியிருந்த 'அட்டாளைச்சேனைக்காரர்களுக்கெல்லாம்' என்ற சொல். உலாவி தானாகத் தமிழ்ச் சொல்லை முறிப்பதில்லை. பயர்பொக்ஸ் பத்தியின் அகலத்தைக் காத்து, சொல்லை வெளியே வழியவிட்டது. எக்ஸ்புளோரரோ பத்தியையே அகட்டியது. மூன்றாம் பத்திக்கு இடம் போதாமல் அது கீழே இறங்கிவிட்டது. இரண்டு சொல்லாகப் பிரித்தெழுதித் தப்பினேன்.

2017இல் முக்கிய உலாவிகளுக்குக் 'கிரிட்' வந்தபின் மிதக்கவிடும் வித்தை தேவையற்றுப்போயிற்று. 2022இல் எக்ஸ்புளோரரும் விடைபெற்றது. ஆயினும் கிரிட்டில் '1எஃப்ஆர்' என்று அகலம் கொடுத்தாலும் நீண்ட சொல் பத்தியை அகட்டவே செய்கிறது. 'ஓவர்ஃபுளோ-ரப்' என்ற பண்புக்கு 'எனிவெயார்' என்று மதிப்புக் கொடுக்கவேண்டும். இடம் போதாதபோது சொல் எந்த எழுத்திலும் முறியும். கொம்பும் காலும் எழுத்தைவிட்டுப் பிரியா. நம் அச்சுக்கோப்பவர் செய்ததும் இதைத்தான்.

நேற்று அந்த வரியைச் சேர்த்து, பழைய சொல்லை மீண்டும் ஒன்றாக்கினேன். அட்டாளைச்சேனைக்காரர்கள் இரண்டு வரியில் அமர்ந்திருக்கிறார்கள்.