மிஞ்சிய நான்கு மாத்திரைகள்

பழவேற்காட்டு ஏரியில் இறால் வலை விரிப்பதற்கு ஒரு முறை உண்டு. அதைப் 'பாடு' என்பர். இன்று ஒரு குழுவினருக்குரிய நீர்ப்பரப்பு நாளை வேறொரு குழுவினருக்கு. தம் முறையைத் தவறவிட்டால் வீட்டில் அடுப்பெரிவது கடினம். மூன்று வாரமாய் இருமிக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் பங்கு இல்லம் தேடி வந்து, "சாமி, நாளைக்கு எங்க பாடு. பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போனா பொழுது போயிடும். மாத்திரை எதுனா இருக்குதா?" என்று கேட்டபோது, மறுக்க நமக்கு மனம் வரவில்லை.

முன்பு நமக்கு நிமோனியா கண்டபோது மருத்துவர் எழுதித் தந்த லீவோஃப்ளாக்சசின் ஏழில் நான்கு மிஞ்சியிருந்தன. (காய்ச்சல் விட்டதும் நாமே நிறுத்திவிட்டோம், முதற் பிழை அது.) அட்டையில் சிவப்புக் கோடு. மருத்துவர் சீட்டின்றி உண்ணலாகாது என்பதே அதன் பொருள்; நாம் அறியாததன்று. 2014 மார்ச் முதல் இம்மருந்தை விற்கும் கடைக்காரர் மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு காக்க வேண்டும் என்பது சட்டம். பங்கு இல்லத்து இழுப்பறைக்குப் பதிவேடு ஏது?

இருமல் தணிந்தது. இரண்டு வாரத்தில் இரத்தத்தோடு திரும்பியது. காசநோய் என்றது பரிசோதனை. லீவோஃப்ளாக்சசின் காசநோய்க் கிருமியையும் தாக்கும். ஆனால் தனித்து நின்று நோயைக் குணப்படுத்தாது. நோய் சற்றே ஒளிந்துகொள்ள, கண்டறிதல் தள்ளிப்போகிறது. எஞ்சிய கிருமிகள் அம்மருந்துக்கு அடங்காமற் போகவும் கூடும். மற்ற மருந்துகளை எதிர்க்கும் காசநோய்க்கு மருத்துவர்கள் நம்பியிருப்பதும் இதையே. அன்றியும், அறுபது கடந்தவர்க்கு இது குதிகால் தசைநாணைக் கெடுக்கக்கூடும்; வயிற்றெரிச்சல் மாத்திரையோடு சேர்த்து உண்டால் உடலில் சரிவரச் சேராது, இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். இவற்றில் ஒன்றையும் நாம் அவரிடம் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை.

பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945-இல் தமது நோபல் உரையில் ஒரு கற்பனை மனிதரைப் பற்றிப் பேசினார். அவர் தொண்டைவலிக்குத் தாமே மருந்து வாங்கிக் குறைவாக உண்டு, கிருமியைப் பழக்கிவிடுகிறார். அது மனைவியைத் தொற்ற, மருந்து பலிக்காமல் அவள் இறக்கிறாள். ஒருவரின் பாவம் பிறரைச் சுடுவது பற்றிக் குருமடத்தில் எத்தனையோ நூல்கள் படித்தோம். இத்துணைச் சுருக்கமாக ஒன்றும் சொன்னதில்லை.

நல்லவேளை, அவர் நோய் வழக்கமான மருந்துகளுக்கே அடங்கியது. ஆறு மாதச் சிகிச்சை, அரசுச் செலவில். நம் பிழையை அவரிடமே சொன்னோம். "நல்லதுக்குத்தானே குடுத்தீங்க சாமி" என்றார். ஆனால் அந்த இரண்டு வாரமும் அவர் நால்வரோடு ஒரே படகில் இருந்திருக்கிறார். நால்வரையும் பரிசோதனைக்கு அழைத்தோம். மூவர் வந்தனர். நான்காமவர், மறுநாள் தமக்குப் பாடு இருப்பதாகச் சொல்லியனுப்பினார்.