விளக்குக் காட்டுதல்

அப்பா அனுப்பிய மணியார்டர்களின் கூப்பன்கள் பதினேழு என்னிடம் இருக்கின்றன. 1971 முதல் 1973 வரை நான் சென்னையில் படித்த காலத்தவை. பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுத் தபால்காரர் படிவத்திலிருந்து கிழித்துத் தருகிற துண்டு. செய்தி எழுத அதில் நாலைந்து வரிக்குத்தான் இடம் இருக்கும். அந்த இடத்தையும் அப்பா முழுக்க உபயோகித்ததில்லை. 'க்ஷேமம். மெஸ்ஸுக்குக் கட்டவும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கவும்.' பதினேழிலும் ஏறக்குறைய இதேதான். 1972 நவம்பரில் வந்த ஒன்றில் மட்டும் 'குடை வாங்கிக்கொள்ளவும்' என்று ஒரு வரி அதிகம். தொகையும் பத்து ரூபாய் அதிகம்.

இவற்றை நண்பர்களிடம் வாசித்துக் காட்டிச் சிரித்திருக்கிறேன். தேய்ந்த சொற்களைக் கண்டுபிடிப்பதையே இலக்கியப் பயிற்சியாகக் கொண்டிருந்த காலம் அது. கவிதையில் 'இதயம்' என்று எழுதியவனை ஒரு வாரத்துக்கு விடமாட்டோம். அந்தக் கண்ணோடுதான் அப்பாவின் எழுத்தையும் பார்த்தேன். ஒரு தகப்பன் மகனுக்கு எழுதுவதில் அனுபவத்தின் சாயல் கொஞ்சமாவது இருக்க வேண்டாமா என்று பட்டது. ஒரு விடுமுறையில் ஊருக்குப் போனபோது, இந்தக் குறையை நானாவது தீர்ப்போம் என்று அம்மாவிடம், "உன்மேல எனக்கு ரொம்பப் பிரியம்மா" என்று சொல்லிப் பார்த்தேன். அம்மா கைவேலையை விட்டுவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "ஏண்டா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள்.

அந்தப் பயிற்சி தவறு என்று இப்போதும் நான் சொல்லமாட்டேன். கவிதையில் தேய்ந்த சொல் தேய்ந்த சொல்தான். ஆனால் அந்தக் கண்ணால் பார்க்க முடியாத விஷயங்கள் இருக்கின்றன என்பது எனக்கு 1984இல்தான் தெரிந்தது.

அந்த வருஷம் எங்கள் குழுவிலிருந்த கவிஞர் ஒருவர் ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் கூட்டமாகப் போவோம். புதிய இதழ்களையும் மொழிபெயர்ப்புகளையும் கொண்டுபோவோம். கட்டிலைச் சுற்றி நின்று வழக்கம்போல் வாதிடுவோம். அவர் கேட்டுக்கொண்டிருப்பார். எங்கள் பிரியம் முழுவதும் அந்த வாதங்களில் இருந்தது என்றுதான் நான் நம்பியிருந்தேன். பொய் என்று இப்போதும் சொல்ல முடியாது.

ஒரு வியாழக்கிழமை மாலை, அவருடைய தொகுப்பைப் பற்றி நான் எழுதிய கட்டுரை வெளிவந்த இதழை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். எங்கள் பத்திரிகைக்கு அச்சுக்கோக்கிற கம்பாஸிட்டர் அங்கே இருந்தார். எங்கள் கவிதைகளைப் பற்றி அவருக்கு இருந்த ஒரே அபிப்பிராயம், வரிகள் இவ்வளவு குட்டையாக இருந்தால் வெற்றிடத்தை அடைக்க ஈயக்கட்டை போதாது என்பது. பிரஸ் மூடியதும் தினமும் இப்படி வந்துவிட்டுப் போகிறார் என்று பிறகு தெரிந்தது. அன்று கட்டிலில் ஒரு பழைய பேப்பரை விரித்து, நண்பரின் பாதத்தை அதன்மேல் வைத்துக் கால் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தார். மசி ஏறிய விரல்கள். "வலிக்குதா சார்?" என்று ஒரு தடவை கேட்டார். நண்பர் கண்ணை மூடிக்கொண்டு, இல்லை என்று தலையசைத்தார். அவர் முகத்தை அவ்வளவு நிம்மதியாக அந்த ஆறு வாரத்தில் நான் பார்க்கவில்லை.

நகங்கள் வளர்ந்து வளைந்திருந்ததை நானும் பார்த்திருந்தேன். அதற்கு முந்தைய ஞாயிறே பார்த்துவிட்டேன். ஒரு வரியாக அதை மனசில் குறித்துக்கூட வைத்திருந்தேன். வெட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நண்பர் அந்த மாதக் கடைசியில் காலமானார். அந்த வரியை எழுதுவதில்லை என்று இருந்தேன். இப்போது எழுதிவிட்டேன் என்பதும் தெரிகிறது.

அன்பு காட்டுதல் என்கிறோம். 'காட்டுதல்' என்ற சொல் எனக்கு வெகுநாள் பிடிக்காமல் இருந்தது. கடைத்தெருவில் துணியைப் பிரித்துக் காட்டுவதுபோல ஒரு விளம்பரத்தன்மை அதில் இருப்பதாகப் பட்டது. ஆனால் இந்தச் சொல்லை வேறு இடத்திலும் கேட்டு வளர்ந்தவன்தான் நான். எங்கள் வீட்டுக்கு மின்சாரம் வராத நாட்களில் ராத்திரி அம்மா கொல்லைக்குப் போனால் அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு கூடப் போவது என் வேலை. நான் வேலிப் பக்கம் பராக்குப் பார்ப்பேன். "எங்கடா பாக்கறே? காலடியிலே காட்டு" என்பாள். விளக்குக் காட்டுகிறவன் பார்க்க வேண்டியது விளக்கை அல்ல. அடுத்தவர் கால் எங்கே விழப்போகிறது என்பதைத்தான். அதற்குக் கவனம் வேண்டும். சொல் புதிதாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

1880இல் தொடங்கிய மணியார்டர், காகிதப் படிவத்தில் போய்ச் சேருகிற அதன் பழைய உருவத்தில் 2015இல் நின்றுபோயிற்று. என் மகள் வெளியூரில் இருக்கிறாள். போனில் நான் அவளிடம் கேட்பதும் அதே இரண்டு மூன்று கேள்விகள்தாம். அடுத்தது என்ன கேட்பேன் என்று அவளே சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

சென்னையில் மழை என்பதை அப்பா ரேடியோச் செய்தியில் கேட்டிருக்க வேண்டும். குடையை நான் வாங்கவில்லை. அந்தப் பத்து ரூபாய்க்கு ஒரு புத்தகம் வாங்கினேன். என்ன புத்தகம் என்பது இப்போது ஞாபகமில்லை.