ஈரக் காலடி

மகான்கள் தங்கள் அடிச்சுவடுகளை உலகத்துக்கு விட்டுச் செல்கிறார்கள் என்று பிரசங்கிகள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தப் பாக்கியம் எனக்குச் சிறு வயது முதலே வாய்த்திருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு யார் வீட்டுக்குள் நுழைந்தாலும், வாசற்படியிலிருந்து நான் உட்காரும் நாற்காலி வரையில், ஐந்து விரல்களும் குதிகாலும் தெளிவாகப் பதிந்த ஈரச் சுவடுகள் வரிசையாகக் காணப்படும். மழை பெய்திருக்க வேண்டியதில்லை. மார்கழிக் குளிராயிருந்தாலும் சரிதான். என் பாதங்கள் வியர்க்கும்.

2006-ஆம் வருஷம் கும்பகோணத்துக்கு அருகில் ஒரு கிராமத்துக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். கண்ணாடி மாதிரி பளபளக்கும் சிவப்புச் சிமெண்டுத் தரை. நான் நடந்த வழி முழுவதும் சுவடு. பெண்ணின் பாட்டி அதை உற்றுப் பார்த்துவிட்டு, "பிள்ளையாண்டான் காலலம்பிக்கொண்டு உள்ளே வந்திருக்கிறான்! இந்தக் காலத்தில் இவ்வளவு ஆசாரமான பிள்ளை எங்கே கிடைக்கும்?" என்றார். சம்பந்தம் அன்றைக்கே நிச்சயமாகிவிட்டது. உண்மையை என் மனைவி கலியாணமான மூன்றாம் நாள் கண்டுபிடித்தாள். பாட்டியிடம் மட்டும் கடைசி வரையில் நாங்கள் சொல்லவில்லை.

இதைச் சிரித்துக்கொண்டு எழுதிவிட்டேன். ஆனால் இதே பாதங்களின் காரணமாக நான் செய்த ஒரு கோழைத்தனமும் உண்டு. அதைச் சொல்வதற்கு முன்னால் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கிவிட வேண்டும்.

மனித தேகத்தில் ஏறக்குறைய 20 லட்சம் முதல் 40 லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. அவை மிக நெருக்கமாக அமைந்திருப்பது உள்ளங்கையிலும் உள்ளங்காலிலுந்தான். முதுகும் மார்பும் பெரும்பாலும் வெயிலுக்கு வியர்க்கின்றன. கையும் காலுமோ மனத்துக்கு வியர்க்கின்றன. பயம், வெட்கம், பரீட்சை, மேலதிகாரி இவற்றில் ஏதாவது ஒன்று எதிரே வந்தால் போதும். அதனால்தான் தூங்கும்போது இந்த வியர்வை நின்றுவிடுகிறது. சுரப்பிகளில் கோளாறு ஒன்றுமில்லை. அவற்றை ஏவுகின்ற நரம்புகள் தேவைக்கு மேல் ஏவுகின்றன. அந்த நரம்புகளுக்குத் தமிழில் 'பரிவு நரம்புகள்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என்மீது அவற்றுக்கு உள்ள பரிவு அளவு கடந்தது.

பெரும்பாலும் பள்ளிக்கூடத்துப் பருவத்திலேயே ஆரம்பித்துவிடும் உபாதை இது. பல குடும்பங்களில் பரம்பரையாகவும் வரும். என் தகப்பனாருக்கும் இருந்தது. பிதிரார்ஜிதமாக எனக்குக் கிடைத்த சொத்து இது ஒன்றே.

நாற்றத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுரக்கும் வியர்வைக்கு வாசனையே கிடையாது. பூட்ஸுக்குள் காற்றில்லாமல் ஊறிப்போன தோலில் கிருமிகள் பெருகி, வியர்வையிலும் தோலிலும் உள்ள சத்துக்களைச் சிதைக்கும்போது உண்டாகும் அமிலங்களே நாற்றத்துக்குக் காரணம். ஐரோப்பாவில் லிம்பர்கர் என்று ஒரு பாலாடைக்கட்டி இருக்கிறது. அதைப் பக்குவப்படுத்தும் கிருமியும் நம் காலில் வசிக்கும் கிருமியும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. அங்கே அதை விலை கொடுத்து வாங்கிச் சாப்பிடுகிறார்கள்!

இனி அந்தப் பையனின் கதை.

2022-ல் நான் ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியர். அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் கறுப்புப் பூட்ஸும் நைலான் காலுறையும் அணிந்துதான் வரவேண்டும். மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன், கணக்கில் கெட்டிக்காரன். ஆடி மாதத்தில் ஒரு நாள் நான் வகுப்புக்குள் நுழைந்தபோது, அவனைச் சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என்ன சமாசாரம் என்று நான் கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அந்த நாற்றம் எனக்கு முப்பது வருஷப் பழக்கம். "தம்பி, நீ ஜன்னலோரம் கடைசி பெஞ்சுக்குப் போய்விடு, காற்றோட்டமாக இருக்கும்" என்றேன். வகுப்பு மறுபடியும் சிரித்தது. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். மேஜைக்கு அடியில் என் காலுறை நனைந்து கிடந்தது.

பிறகு அவன் வாரத்தில் இரண்டு நாள் வராமலிருக்க ஆரம்பித்தான். பிறகு மூன்று நாள். ஐப்பசியில் அவனுடைய தாயார் அவனைக் கையோடு அழைத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்கு வந்தார். இட்லிக் கடை வைத்துப் பிழைப்பவர்.

"இவன் படிப்பே வேண்டாமென்கிறான், ஸார். டி.ஸி. கொடுத்துவிடுங்கள். நானும் தினம் ராத்திரி பூட்ஸைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத்தான் அனுப்புகிறேன். இவன் காலிலேயே ஏதோ அழுக்கு ஊறிப்போயிருக்கிறது."

ஐப்பசி அடைமழையில் இரவு தோய்த்த பூட்ஸ் காலையில் எப்படிக் காயும்? அந்த அம்மாள் எவ்வளவு தேய்த்தாரோ அவ்வளவுக்குக் கிருமிகளுக்கு விருந்து. பையன் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். என்ன தோன்றிற்றோ, நான் உட்கார்ந்தபடியே என் பூட்ஸின் நாடாவை அவிழ்த்துக் காலுறையைக் கழற்றி முறுக்கினேன். இரண்டு சொட்டுத் தண்ணீர் தரையில் விழுந்தது.

"உங்களுக்குமா, ஸார்?"

"உன் வயதிலிருந்தே."

அவன் சற்று நேரம் பேசாமலிருந்தான். "அப்படியானால் அன்றைக்கு ஏன் ஸார் என்னை ஜன்னலோரம் போகச் சொன்னீர்கள்?" என்று கேட்டான்.

நான் பதில் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை அவனை அரசாங்க ஆஸ்பத்திரித் தோல் வைத்தியரிடம் அழைத்துச் சென்றேன்.

அந்த டாக்டர் அம்மாள் அவன் பாதத்தை விளக்கின் கீழே வைத்துக் காட்டினார். குண்டூசியால் குத்தினாற்போல் சிறு சிறு குழிகள். ஈரத்தில் ஊறிய தோலைக் கிருமிகள் அரித்த அடையாளம். விரலிடுக்கில் சேற்றுப்புண் வேறு. இரண்டுக்கும் களிம்பு கொடுத்தார். வியர்வைக்கு அலுமினியம் குளோரைடு கலந்த திராவகம் எழுதினார். இதை உபயோகிக்கும் முறைதான் முக்கியம். காலையில் தடவினால் வியர்வை அதை அடித்துக்கொண்டு போய்விடும். இரவில், வியர்வை அடங்கியபின், பாதத்தை நன்றாகத் துடைத்து உலர்த்திவிட்டுத் தடவ வேண்டும். காலையில் கழுவிவிட வேண்டும். ஈரக்காலில் தடவினால் எரியும். சில நாட்களில் குணம் தெரிந்தபின், வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை போதும். சுரப்பிகளின் வாயை அந்த உப்பு தற்காலிகமாக அடைத்துவிடுகிறது, அவ்வளவுதான் சூட்சுமம்.

நான் என் பாட்டியின் வைத்தியத்தைப் பற்றிக் கேட்டேன். படிகாரத் தண்ணீரிலும் கடுக்காய்க் கஷாயத்திலும் காலை ஊறவைப்பாள். டாக்டர் சிரிக்கவில்லை. படிகாரமும் அலுமினிய உப்புத்தான். கடுக்காயில் இருப்பதோ தோல் பதனிடும் துவர்ப்புச் சத்து. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஆட்டுத்தோலைப் பதப்படுத்த உதவிய சரக்கு, என் காலிலும் தன் வேலையைக் கொஞ்சம் காட்டத்தான் செய்தது. தேயிலைக் கஷாயத்திலும் அதே துவர்ப்பு உண்டு. லேசான உபாதைக்கு இவை உதவக்கூடும்; புண் இருந்தால் கூடாது.

என் விஷயத்தில் திராவகமும் தோற்றது. ஆகவே மின்சார வைத்தியத்துக்குப் போனேன். இரண்டு தட்டுகளில் சாதாரணக் குழாய்த் தண்ணீர். பாதங்களை அதில் வைத்துக்கொண்டால், மிக மெல்லிய மின்சாரத்தை 20 நிமிஷம் செலுத்துவார்கள். எறும்பு ஊர்வது போலிருக்கும். முதலில் வாரத்துக்கு மூன்று தடவை, அப்புறம் குறைத்துக்கொள்ளலாம். கர்ப்பிணிகளுக்கும், இருதயத்தில் கருவி பொருத்தியவர்களுக்கும் இது ஆகாது. வீட்டிலே கம்பியை மாட்டிச் சுயமாகப் பரிசோதனை செய்யும் எண்ணம் எவருக்கும் வரவேண்டாம். உள்ளங்காலில் ஊசி போடும் முறையும் உண்டு. வலி அதிகம், சில மாதங்களுக்குத்தான் பலன். நரம்பைத் துண்டிக்கும் சத்திர சிகிச்சையில், கால் உலர்ந்து முதுகும் வயிறும் வியர்க்க ஆரம்பிக்கக்கூடும் என்றார்கள். வேண்டாமென்று வந்துவிட்டேன்.

மற்றவை பணச் செலவும் யோசனையும் சேர்ந்த காரியங்கள். இரண்டு ஜோடி பூட்ஸ் வைத்துக்கொண்டு, இன்று போட்டதை நாளை காயவிட வேண்டும். நைலான் காலுறையை விட்டுப் பருத்திக்கு மாறி, மத்தியானம் ஒரு தடவை மாற்ற வேண்டும். விரலிடுக்கைத் துடைக்க வேண்டும். இரண்டாவது ஜோடிக்கு அந்த அம்மாளிடம் பணம் இல்லை. என்னிடம் வாங்கவும் மறுத்தார். கடைசியில் அவர் ஒப்புக்கொண்டது, இரண்டு மாதம் தினம் எனக்குக் காலைப் பலகாரம் கொடுத்துக் கடனைக் கழிப்பதாக.

எல்லாவற்றுக்கும் மேலான மருந்து காற்று. வெள்ளைக்காரன் 1947-ல் கப்பலேறிவிட்டான். அவனுடைய குளிர் நாட்டுப் பூட்ஸ் மட்டும் சித்திரை வெயிலில் நம் பிள்ளைகளின் காலைவிட்டு இறங்க மாட்டேனென்கிறது. தலைமையாசிரியருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினேன். மகாத்மா தென்னாப்பிரிக்கச் சிறையில் தம் கையாலேயே செருப்புத் தைத்து 1914-ல் ஜெனரல் ஸ்மட்ஸுக்குக் கொடுத்ததையும், அந்தத் துரை அதைப் பல கோடைகளில் அணிந்துவிட்டு 1939-ல் மகாத்மாவுக்கே திருப்பி அனுப்பியதையும் அதில் விஸ்தாரமாகக் குறிப்பிட்டிருந்தேன். துரைக்கே தகுந்த செருப்பு ஒன்பதாம் வகுப்புக்குத் தகாதா?

தலைமையாசிரியர் விண்ணப்பத்தை இரண்டு தடவை படித்தார். "ஸ்மட்ஸ் இருக்கட்டும், டாக்டர் ஸர்ட்டிபிகேட் இருக்கிறதா?" என்று கேட்டார். இருந்தது. பையன் மட்டும் செருப்பணிந்து வர அனுமதி கிடைத்தது. அவன் மறுபடியும் மூன்றாவது பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். வகுப்பார் முன்னிலையில் அவனிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்; கேட்டபோது என் இரண்டு கால்களும் ஊற்றெடுத்தன.

தை மாதத்தில் அதே வகுப்பிலிருந்து இன்னும் நாலு பையன்கள் ஆளுக்கொரு ஸர்ட்டிபிகேட்டோடு செருப்பணிந்து வந்து நின்றார்கள். அவர்களில் மூன்று பேருக்கு உள்ளங்கால் உலர்ந்த சுக்காக இருந்தது எனக்கு நன்றாகத் தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை.