ஜாவாவிலிருந்து வந்த குளவி

கண்டி மாநகருக்கு அண்மையிலுள்ள பேராதனைப் பூங்காவைக் காணாத சுற்றுலாப் பயணி அரியர். 1869-இல் மலைநாட்டுக் கோப்பிச் செடிகளில் புதுநோய் கண்டபோது, அப்பூங்காவின் தலைவர் துவைட்ஸ் நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். நோய்க்குப் பெயர் வந்தது, மருந்து வரவில்லை! கோப்பி அழிந்தது, அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது.

நகருக்குத் தெற்கே ஹந்தானை மலையில் ஏறினால் அத்தேயிலையைக் காணலாம். அதற்கும் ஒரு பகை உண்டு: இலைசுருட்டிப் புழு. இளம் இலைகளை நூலால் பிணைத்து, உள்ளிருந்தவாறே தின்னும். இம்முறை உதவி அண்டையிலிருந்தே வந்தது. அப்புழுவின் உடலில் முட்டையிடும் சிறு குளவியொன்று ஜாவாவில் வாழ்ந்தது. முட்டையிலிருந்து தோன்றும் குஞ்சுகள் புழுவையே உணவாக்கிக் கொள்ளும். மாக்ரோசென்ட்ரஸ் என்பது அதன் பெயர். விஞ்ஞானிகள் வாய்க்கு எளிய பெயரை என்றுதான் வைத்தார்கள்? 1935-36-இல் இக்குளவி இலங்கைக்குக் கொணரப்பட்டது. தோட்டங்களில் அது பரவவே, புழுவின் கொட்டம் பெரிதும் அடங்கிற்று.

1950-களில் வேறொரு பகையாகிய தண்டு துளைக்கும் வண்டினை ஒழிக்க டீல்ட்ரின் என்னும் நஞ்சைத் தெளித்தனர். அந்நஞ்சு குளவியையும் கொன்றது. இலைசுருட்டிப் புழு மீண்டும் பெருகிற்று. பின்னரே அம்மருந்தைக் கைவிட்டனர்.

ஹந்தானைக்குச் செல்லும் மாணவர்கள் சற்றுக் குனிந்து கொழுந்துகளை நோக்குக. ஈரிலைகள் ஒட்டியிருப்பின், உள்ளே அப்புழு இருக்கக்கூடும்.