அங்குலமும் சென்டிமீட்டரும்

பண்டை மனிதன் தன் உடலையே அளவுகோலாகக் கொண்டான். சாணும் முழமும் அவ்வாறு பிறந்தவையே. ஆயினும், ஒருவர் கை நீண்டும் மற்றொருவர் கை குறுகியும் இருத்தலின், முழம் போடுவோரின் கைக்கேற்பத் துணியின் அளவு கூடியும் குறைந்தும் வந்தது. இக்குறையை நீக்கவே, யாவர்க்கும் பொதுவான அளவைகள் வேண்டப்பட்டன.

ஆங்கிலேயர் ஆட்சியில் அங்குலம், அடி, கெஜம், மைல் என்பன நம் நாட்டில் வழங்கின. 12 அங்குலம் ஓர் அடி. 3 அடி ஒரு கெஜம். 1,760 கெஜம் ஒரு மைல். 1956-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின் வழியே மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. பத்தின் மடங்குகளால் அமைந்த அம்முறை கணக்கிடுதற்கு மிக எளியது. எனினும், பழைய அளவைகள் அடியோடு மறைந்துவிடவில்லை. பின்னலாடைக்குப் புகழ்பெற்ற திருப்பூரில் இவ்வுண்மையை நேரிற் காணலாம்.

அங்கே நூலின் பருமனைக் கெஜமும் பவுண்டும் கொண்டே குறிக்கின்றனர். 840 கெஜ நீளமுள்ள நூல் ஒரு சிட்டம் எனப்படும். ஒரு பவுண்டு எடையில் 30 சிட்டங்கள் அடங்குமாயின், அது 30-ஆம் எண் நூல். அந்நூலில் ஒரு கிலோகிராமை நீட்டினால் அது 50 கிலோமீட்டரைத் தாண்டும்; திருப்பூரிலிருந்து ஏறத்தாழக் கோயம்புத்தூரை எட்டிவிடும்! வட்டப் பின்னல் இயந்திரத்தின் விட்டத்தை அங்குலத்தாற் கூறுவர். ஓர் அங்குலத்தில் அமைந்த ஊசிகளின் எண்ணிக்கையே 'கேஜ்' எனப்படுவது. ஆனால், அவ்வியந்திரத்தினின்று வெளிவரும் துணியின் எடையையோ, சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று குறிப்பர்.

ஆடை வாங்கும் அமெரிக்க வணிகர் பெரும்பாலும் அங்குலத்திலும், ஐரோப்பிய வணிகர் சென்டிமீட்டரிலும் அளவு எழுதி அனுப்புவர். ஆதலின், ஒன்றை மற்றொன்றாக மாற்றத் தெரிதல் அத்தொழிலுக்கு இன்றியமையாதது. 1959-ஆம் ஆண்டில் அமெரிக்கா, பிரிட்டன் முதலிய ஆறு நாடுகள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஓர் அங்குலம் என்பது சரியாக 2.54 சென்டிமீட்டர்.

வழிநடப்போன் ஒருவன் 5 மைலை 8 கிலோமீட்டர் என்று கொள்கிறான். உண்மையில் அது 8 கிலோமீட்டருக்கு மேல் ஏறக்குறைய 47 மீட்டர் மிகும். அதனால் அவனுக்கு ஒரு தீங்கும் இல்லை. ஆனால், துணி வெட்டுவோர் ஓர் அங்குலத்தை 2.5 சென்டிமீட்டர் என்று கொண்டால் யாதாகும்? மார்புச் சுற்றளவு 40 அங்குலம் இருக்கவேண்டிய ஆடை, 101.6 சென்டிமீட்டருக்கு மாறாக 100 சென்டிமீட்டராகவே அமையும். துணியைப் பல மடிப்பாக அடுக்கி ஒருசேர வெட்டுவதால், அப்பிழை அடுக்கிலுள்ள எல்லா ஆடைகளிலும் புகுந்துவிடும். வாங்குவோர் அவற்றை மறுப்பின், உழவர் விளைவித்த பருத்தியும், நூற்றோர், தைத்தோர் உழைப்பும் வீணாகும் அன்றோ?

அளவு நாடாவின் ஒரு புறம் அங்குலமும் மறுபுறம் சென்டிமீட்டரும் பொறிக்கப்பட்டிருத்தல் வழக்கம். எப்புறத்தைப் பார்த்தோம் என்பதை மறந்தால், கண்ட எண்ணாற் பயனில்லை. ஆகவே, எண்ணை எழுதும்பொழுதே அளவையின் பெயரையும் உடன் எழுதுதல் வேண்டும். மாற்றும்பொழுது இடையில் எதனையும் தள்ளிவிடாது கணக்கிட்டு, வேலைக்கு எத்துணை நுட்பம் தேவையோ அத்துணைக்கு இறுதியில் மட்டும் திருத்திக்கொள்ளுதல் வேண்டும். இப்பழக்கத்தை மாணவர் பள்ளியிலேயே கைக்கொள்வாராயின், பிற்காலத்தில் எத்தொழிலை மேற்கொள்ளினும் அது அவர்க்குத் துணைநிற்கும்.