அரக்கோணம் டூ தலக்கோனா: மூணு பஸ், ஒரு ஆட்டோ, ஒரு எல்லை

தென் அமெரிக்காவுல இக்வாசு அருவின்னு ஒண்ணு இருக்கு. முதுகுல மூட்டையை மாட்டிக்கிட்டு ஊர் சுத்துறவங்களுக்கு அது காசி ராமேஸ்வரம் மாதிரி. புவனோஸ் அயர்ஸ்ல பஸ் ஏறினா பதினேழு, பதினெட்டு மணி நேரம். அர்ஜென்டினா பக்கம் நனைஞ்சு முடிச்சுட்டு, இன்னொரு பஸ் பிடிச்சு பாலம் தாண்டினா பிரேசில். பாஸ்போர்ட்ல முத்திரை. 275 அருவி, மொத்த அகலம் 2.7 கிலோமீட்டர். நம்ம பர்ஸோட அகலத்துக்கு அது ஒத்து வராதுங்கறதால படம் பாத்து பெருமூச்சு விட்டதோட சரி.

ஆனா படிக்கும்போது ஒரு விஷயம் கண்ணுல பட்டுச்சு. இக்வாசுவுல தண்ணி விழுற அதிகபட்ச உயரம் 82 மீட்டர். பக்கத்துல ஆந்திராவுல இருக்குற தலக்கோனா அருவி 270 அடி. கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க, அதே 82 மீட்டர்! (அகலத்தைப் பத்தி யாரும் பேசக்கூடாது, சொல்லிட்டேன்.) எல்லை தாண்டணுமா? தாண்டணும். பஸ்ல போகலாமா? போகலாம். அப்புறம் என்ன, நகரியில இருக்குற மச்சானுக்கு போன் போட்டேன். "எப்ப வர்றே, சொல்லு"ன்னாரு. ஏன், எதுக்குன்னு கேக்காத ஒரே சொந்தம் அவர்தான்.

மச்சான்னா அத்தை பையன். இங்க ஒரு சின்ன கொசுவத்தி சுத்திக்கறேன். 1953-ல ஆந்திரா தனி மாநிலமானப்ப சித்தூர் மாவட்டம் மொத்தமும் அந்தப் பக்கம் போச்சு, திருத்தணியும் சேர்த்து. ம.பொ.சி. போராடினாரு, படாஸ்கர்னு ஒருத்தர் உக்காந்து தீர்ப்பு சொன்னாரு, 1960 ஏப்ரல் 1-ந்தேதி திருத்தணி திரும்பி வந்துச்சு. நகரி வரல. எங்க அத்தையைக் கட்டிக்குடுத்தது நகரியில. அவ்வளவுதான் கதை. வீட்டுக்குள்ள ரெண்டு குடும்பமும் பேசுறது ஒரே தமிழ், அதே "இன்னா நைனா"தான். ஆனா மச்சான் படிச்சது தெலுங்குப் பள்ளிக்கூடம். தமிழ் சரளமா பேசுவாரு, ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. நான் தெலுங்கு சுமாரா பேசுவேன், படிக்கச் சொன்னா எல்லாம் எனக்கு ஜிலேபிதான். திருத்தணி பஸ் ஸ்டாண்டுல போர்டு படிக்கறது என் வேலை, எல்லையைத் தாண்டிட்டா அவர் வேலை. பல வருஷமா இதுதான் எங்களுக்குள்ள ஒப்பந்தம்.

கார்த்திகை மாசம், மழை கொஞ்சம் விட்டிருந்த நாள். அரக்கோணத்துல இருந்து விடிகாலை திருத்தணி, அங்கிருந்து திருப்பதி பஸ். நகரியில மச்சான் ஏறிக்கிட்டாரு, கையில புளிசாதம். மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டு நிக்குற நகரி மலை, அடுத்தது புத்தூர். புத்தூர்னா நமக்கு மாவுக்கட்டு ஞாபகம் வரும். எங்க ஊர்ல கை கால் உடையாத வீடு எது, புத்தூர் போகாத வீடு எது? திருப்பதியில இறங்கி, மலைக்குப் போகாம வேற பஸ் ஏறினோம். பெருமாள் மன்னிப்பாரு.

பாக்கராபேட்டை போற பஸ்ல காடு ஆரம்பிச்சதும் வண்டி நின்னுச்சு. சோதனை. ஏறினவர் நேரா எங்க பைகளைத்தான் பாத்தாரு. "எக்கட நுஞ்சி?" நான் வாயைத் திறக்கறதுக்குள்ள மச்சான் முந்திக்கிட்டு, "நகரி சார், மா பாமர்தி, ஜலபாதம் சூட்டானிக்கி"ன்னாரு. பையைத் திறந்து காட்டினோம். துண்டு, மாத்துத் துணி, புளிசாதம். தலையாட்டிட்டு இறங்கிப் போயிட்டாரு. ஒரு நிமிஷம்கூட ஆகல.

பஸ் கிளம்பினப்புறம் ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசிக்கல. அது சேஷாசலம் மலை. செம்மரம் உலகத்துலயே தானா வளர்றது இந்த வட்டாரத்து மலைகள்லதான். 2015 ஏப்ரல் 7-ந்தேதி இதே காட்டுலதான் தமிழ்நாட்டுக் கூலிக்காரங்க 20 பேரை செம்மரம் வெட்ட வந்தாங்கன்னு சுட்டுக் கொன்னாங்க. பெரும்பாலும் திருவண்ணாமலை, தர்மபுரி பக்கத்து ஆளுங்க. வர்ற வழியில பஸ்ல இருந்து இறக்கிக் கூட்டிட்டுப் போனாங்கன்னு தப்பிச்சவங்க அப்போ சொன்னாங்க. அவங்க கையிலயும் ஒரு பைதான் இருந்திருக்கும், வாயில தமிழ் மட்டும். பக்கத்து சீட்டுல தெலுங்குல பதில் சொல்ல ஒரு மச்சான் இல்ல. மூட்டை மாட்டிக்கிட்டு எல்லை தாண்டுறது வெள்ளைக்காரப் பசங்களுக்கு சாகசம். ஜவ்வாது மலையில இருந்து வர்றவனுக்கு அது வேற.

"நீ எதுவும் பேசாம இருந்ததே நல்லது"ன்னாரு மச்சான். "உன் தெலுங்கைக் கேட்டா நிச்சயம் இறக்கிவிட்டிருப்பான்." ரெண்டு பேரும் சிரிச்சோம். சிரிச்சுத்தான் ஆகணும்.

கடைசித் தூரம் ஆட்டோ. அடிவாரத்துல சித்தேஸ்வரசாமி கோயில், கோயிலைவிட அதிகமா குரங்கு. புளிசாதத்துல பாதி அங்கயே போச்சு. பாறைப் படியில ஏறிப் போனா, செவுரு மாதிரி செங்குத்தா நிக்குற பாறை. உச்சியில இருந்து தண்ணி ஒரே கயிறா கிளம்பி, பாதி வழியிலயே பிரிஞ்சு தூத்தலாகி கீழ வருது. இரைச்சல்னு பெருசா இல்ல. குத்தாலம் மாதிரி மண்டையில அடிக்கற ரகம் கிடையாது. நின்னா தோள்ல யாரோ அரிசி போடுற மாதிரி இருக்கு. கீழ குளம், பக்கத்துல ஒரு போர்டு. மச்சான் படிச்சாரு: ஆழம், இறங்காதே. ஓரமாவே நின்னு நனைஞ்சோம். ரெண்டு மணி நேரம் போனதே தெரியல.

அங்க உக்காந்துதான் சொன்னாரு. மாமா எழுதின பழைய நோட்டு ஒண்ணு வீட்டுப் பரண்ல இருக்காம். தறிக் கணக்கு, கடன் கணக்கு, நடுநடுவுல என்னென்னமோ எழுதியிருக்காராம். எல்லாம் தமிழ்ல. "எங்கப்பன் என்ன எழுதியிருக்கான்னு எனக்குத் தெரியலடா. பொண்ணுக்கும் தமிழ் படிக்க வராது. ஒரு நாள் வந்து படிச்சுச் சொல்லு." மாமா போய் பதினோரு வருஷமாச்சு. இத்தனை நாள் ஏன் கேக்கலன்னு நான் கேக்கல. வர்ற ஞாயித்துக்கிழமை வர்றேன்னு சொல்லியிருக்கேன்.

டிஸ்கி: தலக்கோனா போறவங்க மழைக்காலம் முடிஞ்ச கையோட போங்க, கோடையில தண்ணி நூலாயிடும். ஆதார் அட்டை கையில இருக்கட்டும். சாயங்காலம் ஆயிட்டா திரும்ப வண்டி கிடைக்கறது குதிரைக்கொம்பு, அதனால மூணு மணிக்கெல்லாம் கிளம்பிடுங்க. சோத்து மூட்டையைக் குரங்கு கண்ணுல காட்டாதீங்க.