எண் சொன்னதும் அம்மா சொன்னதும்

கார் என்பது செல்வந்தர் வீட்டு முற்றத்தில் மட்டும் நின்ற காலம் கடந்துவிட்டது. இன்று ஆசிரியர், கடைக்காரர், ஓய்வு பெற்றவர் எனப் பலருடைய இல்லங்களிலும் பழைய கார் ஒன்றேனும் நிற்கிறது. பள்ளிக்கும் திருமணத்துக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக மருத்துவமனைக்கும் நம்மைச் சுமந்து செல்வது அதுவே. அந்த வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்து போகத் தொடங்கினால், வீட்டின் அமைதியும் குலைந்து போகிறது. பட்டறைக்குக் கொண்டு சென்றால் அங்கே முதலில் கையில் எடுப்பது ஸ்பேனரை அன்று. ஸ்கேனர் என்னும் சிறு கருவியையே. அது காட்டும் எண்ணை நாம் எவ்வாறு புரிந்துகொள்ள வேண்டும் என்பதை, எங்கள் குடும்பம் பட்ட அனுபவத்தோடு சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

இந்த எண்கள் பிறந்த வரலாறு சுவையானது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வாகனப் புகையால் நகரங்களின் காற்று நஞ்சாகி, மக்கள் பல்லாண்டுகள் அல்லலுற்றனர். புகையைக் கட்டுப்படுத்தும் உறுப்புகள் பழுதுபட்டால் அதை ஓட்டுநருக்கு அறிவிக்கும் ஏற்பாடு வண்டிக்குள்ளேயே இருத்தல் வேண்டும் என்று, 1988-ஆம் ஆண்டு மாடல்கள் முதல் அம்மாநிலம் விதித்தது. 1996-ஆம் ஆண்டு மாடல்கள் முதல், அமெரிக்கா முழுவதும் விற்கப்படும் கார்களுக்கெல்லாம் ஒரே வகைச் செருகுவாய், ஒரே வகைக் குறியீடு என்ற ஒழுங்கு ஏற்பட்டது. நம் நாட்டில் இதன் முதற்கட்டம் 2010-ஆம் ஆண்டு ஏப்ரலிலும், இரண்டாம் கட்டம் 2013-ஆம் ஆண்டு ஏப்ரலிலும் நடைமுறைக்கு வந்தன. ஸ்டியரிங்குக்குக் கீழே, ஓட்டுநரின் முழங்காலருகே, 16 முனைகள் கொண்ட செருகுவாய் ஒன்றைக் காணலாம். ஸ்கேனரை அங்கேதான் பொருத்துகிறார்கள். காற்றைக் காப்பதற்காகத் தோன்றிய ஓர் ஏற்பாடு, பழுது பார்ப்போருக்கும் கைவிளக்காயிற்று.

குறியீட்டின் அமைப்பு எளியது. முதலில் ஓர் ஆங்கில எழுத்தும் அதனைத் தொடர்ந்து நான்கு இலக்கங்களும் இருக்கும். எஞ்சினையும் கியரையும் பற்றியவை ‘பி’ என்ற எழுத்தில் தொடங்குகின்றன. அடுத்து வரும் இலக்கம் 0 என்றால் எல்லாக் கார்களுக்கும் பொதுவான குறியீடு. 1 என்றால் அந்தந்தத் தயாரிப்பாளர் தாமே வகுத்துக்கொண்டது. மூன்றாம் இடத்திலுள்ள இலக்கம், பழுது எந்தப் பகுதியைச் சார்ந்தது என்பதைக் காட்டும்: 1-ம் 2-ம் எரிபொருளும் காற்றும், 3 தீப்பொறி, 5 வேகமும் ஓய்வுநிலை ஓட்டமும். இறுதி இரண்டு இலக்கங்கள் குறிப்பிட்ட பழுதைச் சுட்டும். இவ்வளவு தெரிந்தாலே, பட்டறையில் சொல்லப்படுவதில் பாதி நமக்கு விளங்கிவிடும்.

இனி எங்கள் வீட்டுச் செய்திக்கு வருகிறேன். எங்கள் அம்மாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டிய நிலை. மருத்துவமனை எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ளது. என் இளைய சகோதரன் தன்னுடைய பழைய பெட்ரோல் காரில் அவரை அழைத்துச் செல்வான். பெரும்பாலும் நானும் உடன் செல்வேன். ஒரு நாள் அந்த வண்டி வழியில் திடீரென அணைந்தது. சாவியைத் திருப்பியதும் மீண்டும் கிளம்பியது. மறுவாரம் சிகிச்சை முடிந்து திரும்புகையில், இருட்டிய பின், ஒரு பாலத்தின் மேல் அணைந்தது. பின்னால் வந்த லாரி ஒலியெழுப்பியவாறு எங்களை ஒட்டி விலகிச் சென்றது. பின்னிருக்கையில் களைத்துச் சாய்ந்திருந்த அம்மாவின் கரத்தைப் பற்றிக்கொண்டு நான் நடுங்கியதை இன்றும் மறக்க இயலவில்லை.

முதலில் சென்ற பட்டறையில் ஸ்கேனரைப் பொருத்தினார்கள். பி 0335 என்ற எண் தோன்றியது. “கிராங்க் சென்சார் போய்விட்டது” என்று உடனே தீர்ப்புக் கூறி, புதிய சென்சார் ஒன்றைப் பொருத்தினார்கள். மூவாயிரம் ரூபாய் செலவாயிற்று. நான்கே நாட்களில் வண்டி மறுபடியும் நடுவழியில் நின்றது.

இந்தச் சென்சாரின் பணி இன்றியமையாதது. எஞ்சினின் முதன்மைத் தண்டாகிய கிராங்க் ஷாஃப்டோடு பற்கள் கொண்ட சக்கரம் ஒன்று சுழல்கிறது. பல கார்களில் அறுபது பற்களுக்குரிய இடத்தில் இரண்டை விட்டு 58 பற்களே இருக்கும். ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது சென்சார் ஒரு மின் துடிப்பை அனுப்புகிறது. பல் இல்லாத இடைவெளி வரும்போது, தண்டு எந்த நிலையில் உள்ளது என்பதை வண்டியின் கணினி அறிந்துகொள்கிறது. எப்போது பெட்ரோலைத் தெளிப்பது, எப்போது தீப்பொறி எழுப்புவது என்பவற்றை அதைக் கொண்டே முடிவு செய்கிறது. அந்தத் துடிப்பு வராமல் போனால், எஞ்சின் சுழலவில்லை என்று கருதிப் பெட்ரோலையும் தீப்பொறியையும் நிறுத்திவிடும், வண்டி அணைந்துவிடும். ஆனால் துடிப்பு வராமைக்குச் சென்சார் கெட்டது மட்டுமே காரணமன்று. அதிலிருந்து கணினிக்குச் செல்லும் ஒயர் அறுந்திருக்கலாம், இணைப்பு தளர்ந்திருக்கலாம், பற்சக்கரமே சேதமடைந்திருக்கலாம். பி 0335 என்பதன் பொருள் ‘கிராங்க் சென்சாரின் மின்சுற்றில் குறை’ என்பதே. ‘சென்சாரை மாற்று’ என்று அந்த எண் எவருக்கும் கட்டளையிடவில்லை.

பிறகு, வயது முதிர்ந்த ஆட்டோ எலக்ட்ரீசியன் ஒருவரிடம் சென்றோம். அவரும் ஸ்கேனரைப் பொருத்தினார். இம்முறை வந்த எண் பி 0339. அதே மின்சுற்றுதான், ஆயினும் குறை விட்டுவிட்டு வருகிறது என்பது இதன் பொருள். குறியீடு பதிவான கணத்தில் வண்டியின் வேகம், எஞ்சினின் சூடு ஆகியவற்றையும் கணினி குறித்து வைத்திருக்கும். அவர் அதையும் பார்த்தார். வண்டி மிக மெதுவாகச் சென்ற நேரம் என்று தெரிந்தது. உடனே கருவியை வைத்துவிட்டு, பின்னிருக்கையின் பக்கம் வந்து நின்றார்.

“அம்மா, வண்டி நின்றது எந்தெந்த இடம் என்று நினைவிருக்கிறதா?”

“இருக்கிறது, தம்பி. ரயில்வே கேட்டைத் தாண்டும்போது இரண்டு முறை. பாலத்தின் மேலே ரோடு உடைந்திருக்கிறதே, அங்கே ஒரு முறை. வண்டி தூக்கிப் போடும், உடனே அடங்கிவிடும்.”

நாங்கள் இருவரும் வியந்து போனோம். அதுவரை அவரிடம் எவரும் கேட்டதில்லை. ஓட்டுபவனுக்குச் சாலையே கண். சிகிச்சையால் தளர்ந்த உடலுக்கோ ஒவ்வொரு குலுக்கலும் தனித்தனியே தெரிந்திருக்கிறது.

அவர் எஞ்சினை ஓடவிட்டு, கீழே குனிந்து, சென்சாருக்குச் செல்லும் ஒயர்க் கற்றையைக் கையால் மெல்ல அசைத்தார். எஞ்சின் அக்கணமே அணைந்தது. சுற்றியிருந்த நாடாவைப் பிரித்துக் காட்டினார். ஓர் இரும்புப் பட்டையின் விளிம்பில் நெடுநாள் உராய்ந்து, ஒயரின் மேலுறை தேய்ந்து, உள்ளே செம்பு மின்னியது. வண்டி குலுங்கும்போதெல்லாம் அது இரும்பைத் தொட்டிருக்கிறது. தேய்ந்த பகுதியை நீக்கி இணைத்து, உறையிட்டு, பட்டையைத் தொடாதவாறு விலக்கிக் கட்டினார். கூலி முந்நூறு ரூபாய். ஓராண்டுக்கு மேலாயிற்று, அந்தக் கார் வழியில் நிற்கவில்லை.

அன்பு வாசகர்களே, இந்த எண் ஒரு சாட்சியைப் போன்றது. தான் கண்டதை மட்டுமே சொல்லும். அதற்கான காரணத்தை விசாரித்து அறிவது மனிதரின் பொறுப்பு. பி 0171 என்பது பெட்ரோலுக்கு வேண்டிய அளவை விடக் காற்று மிகுந்துவிட்டது என்கிறது. காற்றுக் குழாயில் விழுந்த ஒரு விரிசலும் அதற்குக் காரணமாகலாம். சிக்னலில் நிற்கும்போது வண்டி அணைந்து, பி 0506 என்ற எண் வந்தால், ஓய்வுநிலைச் சுற்று குறைந்துவிட்டது என்று பொருள். த்ராட்டில் பாடியில் படிந்த கரியைத் துடைத்தாலே அது சரியாகிவிடுவதுண்டு. இதற்கு மாறாக, பெட்ரோல் பம்ப் தளர்ந்து வண்டி நிற்கும்போது பல கார்களில் எந்த எண்ணும் பதிவாவதில்லை. எண் இல்லை என்பதால் பழுதும் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது.

ஆகவே சிலவற்றை நினைவில் கொள்வோம். எண்ணை அழிக்கும் முன் அதனைத் தாளில் எழுதித் தரும்படி பட்டறையில் கேட்போம். விளக்கை அணைப்பதற்காகப் பேட்டரியைக் கழற்றினால், எண்ணோடு அந்தக் கணத்தின் குறிப்பும் பல வண்டிகளில் அழிந்துபோகும். பாகத்தை மாற்றும் முன், ஒயரையும் இணைப்பையும் சோதித்தீர்களா என்று தயங்காமல் கேட்போம். எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால், எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுத்துவிடக்கூடும். வேகத்தைக் குறைத்து, விரைவில் வண்டியை நிறுத்துவதே நன்று.

ஓடும்போது வண்டி அணைந்தால் பதற வேண்டாம். ஸ்டியரிங் கனக்கும், ஆனால் திரும்பும். பிரேக்குக்குத் துணை செய்யும் வெற்றிடம் ஓரிரு முறை மிதிக்கவே போதும். ஆகையால் விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே சீராக அழுத்த வேண்டும். எச்சரிக்கை விளக்குகளைப் போட்டு, இடப்புறமாக ஒதுங்க வேண்டும். வண்டி முழுவதும் நிற்கும்வரை சாவியை உருவலாகாது. உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

வண்டிக்குள் ஒரு சிறு குறிப்பேடு இருக்கட்டும். அது நின்ற நாள், இடம், மேடா பள்ளமா, எஞ்சின் சூடா குளிரா, பெட்ரோல் எவ்வளவு இருந்தது என்பவற்றை அன்றன்றே எழுதி வையுங்கள். எழுதும்போது, பின்னிருக்கையில் இருந்தவர்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.